இரண்டு நம்பர் குறைவாக

“லைட் நிறத்தைத் தின்னும். அதாலதான் ரெண்டு நம்பர் குறைச்சுப் போடுறனான்.”

இந்த வசனத்தை எத்தனை தாய்மாருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கொலோனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அரங்கேற்றம், சாமத்தியச் சடங்கு, கலியாணம், தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கலைவிழா என்று எங்கே பெண்பிள்ளைகள் மேடையேறினாலும், சனி ஞாயிறுகளில் நானும் என் ஒப்பனைப் பெட்டியும் அங்கே இருப்போம். முகத்துக்குப் பூசும் பவுண்டேஷன் குப்பிகளில் நம்பர் போட்டிருக்கும். நம்பர் குறையக் குறைய நிறம் வெளுக்கும். பிள்ளையின் தாடையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தால் அவளுடைய சரியான நம்பர் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து இரண்டைக் கழித்துப் பூசுவேன். தாய்மாருக்குச் சந்தோஷம். எனக்கு நல்ல பெயர். என் கை பட்டால் பிள்ளை பளிச்சென்று இருக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லி என்னை அடுத்த மண்டபத்துக்கு அனுப்பிவைப்பார்கள்.

லைட் எந்த நிறத்தையும் தின்னாது. இந்தத் தொழிலுக்கென்றே ஜேர்மனியில் மூன்று வருடம் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்பு முடித்தவள் நான். வார நாட்களில் தொலைக்காட்சித் தொடர்கள் எடுக்கும் ஸ்டூடியோ ஒன்றில் சம்பளத்துக்கு முகம் பூசுகிறேன். எனக்கு இது தெரியாது என்று நான் சொல்ல முடியாது. தெரிந்துகொண்டுதான் பதினொரு வருடமாக அந்தப் பொய்யைச் சொன்னேன்.

மேடைக்காக நான் பூசிய முதல் பிள்ளை என் அக்காவின் மகள். அப்போது அவளுக்கு ஆறு வயது. கலைவிழாவில் மயில் நடனம். எங்கள் குடும்பத்தில் அவள்தான் நல்ல கறுப்பு. பிறந்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த உறவுக்காரி ஒருத்தி, “முழி நல்ல வடிவு” என்று சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் போனாள். அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினேழு வயது. போன புரட்டாதியில் அரங்கேற்றம் நடந்தது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் அதற்கு முன் ஓர் அமெரிக்க நடிகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வந்திராவிட்டால் நான் இன்னும் இரண்டு இரண்டாகக் கழித்துக்கொண்டே இருந்திருப்பேன்.

அமெரிக்கக் கம்பெனியும் ஜேர்மன் கம்பெனியும் சேர்ந்து எடுத்த தொடர் ஒன்றின் படப்பிடிப்பு எங்கள் ஸ்டூடியோவில் நடந்தது. நீதிபதி வேடத்துக்கு அறுபது வயது மதிக்கத்தக்க கறுப்பின நடிகை ஒருவர் வருவதாக இருந்தது. எங்கள் ஒப்பனைப் பிரிவின் பொறுப்பாளர் அவரை என் கதிரைக்கு ஒதுக்கினாள். கறுத்த தோலை நீதான் விளங்கிக்கொள்வாய் என்றாள். எங்கள் அலுமாரியில் இருந்த குப்பிகளில் கடைசி மூன்றுதான் கறுத்த தோலுக்கானவை. அதிலும் இரண்டு காய்ந்து போயிருந்தன. அந்த இடத்திலேயே எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமை. காய்ந்த குப்பிகளை எறிந்துவிட்டுப் புதிதாக ஐந்து நிறம் வாங்கி அடுக்கி வைத்தேன்.

நடிகை வந்தார். காலை வணக்கம் சொன்னார். தான் கொண்டுவந்த தகரப் பெட்டியைத் திறந்து தன் முகத்தைத் தானே பூசிக்கொண்டார். நான் துவாயைப் பிடித்தபடி பின்னால் நின்றேன். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், உங்கள் நிறம் எல்லாம் என்னிடம் இருக்கிறது, நானும் மாநிறத்துக்காரிதான், எனக்கு உங்களை விளங்கும் என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து, என் கையைத் தூக்கி, என் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியில் தெரிந்த கையும் கன்னமும் இரண்டு வேறு பெண்களுடையவை. தினமும் காலையில் யோசிக்காமலே என் முகத்துக்கும் இரண்டைக் கழித்துப் பூசிக்கொண்டு வந்திருக்கிறேன்.

“முதலில் இதைச் சரி செய்” என்றார். குரலில் எந்தக் கடுமையும் இல்லை.

பிறகு பவுடரைத் தட்டிக்கொண்டே தன் பெட்டியைப் பற்றிச் சொன்னார். பத்தொன்பது வயதில் முதல் படம். ஒப்பனைக்காரியிடம் அவருடைய நிறம் இல்லாததால் இருந்ததைக் கலந்து பூசியிருக்கிறாள். திரையில் சாம்பல் அப்பிய முகம். உன்னை ஃபிலிமுக்குத் தெரியவில்லை என்று இயக்குநர் அவரிடமே குறைப்பட்டிருக்கிறார். அன்றைக்கு வாங்கிய பெட்டி அது. அதற்குப் பிறகு எத்தனையோ கதிரைகளில் உட்கார்ந்தாயிற்று, எல்லாரும் தூரிகையில் எதையோ தொட்டுக்கொண்டுதான் கிட்ட வந்தார்கள், உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை என்றார். அவ்வளவுதான் பேச்சு. மீதி எட்டு நாளும் வணக்கத்தோடு சரி.

எனக்கு அவர்மேல் சரியான ஆத்திரம். வீட்டுக்கு வந்து கணவரிடம், என்ன திமிர் பிடித்த மனுசி என்று ஒரு பாட்டம் கொட்டித் தீர்த்தேன். அவர் கேட்டுவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டா இடியப்பமா என்று கேட்டார். ஆனால் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்த கை என்னை விடவில்லை. அந்த வாரக் கடைசியில் நகர நூலகத்துக்குப் போய், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சினிமா பற்றி அங்கே இருந்த புத்தகங்களையும் டிஸ்க்குகளையும் அள்ளிக்கொண்டு வந்தேன். மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் அதிலேயே போயின.

ஒப்பனைக்காரி படம் பார்க்கும் விதம் வேறு. நான் முகத்தைப் பார்ப்பதில்லை, கழுத்தைப் பார்ப்பேன். காதுக்குப் பின்னால், நகத்துக்குக் கீழே, பூச்சு எங்கே முடிகிறது என்று தேடுவேன். அந்தப் பழைய மௌனப் படங்களில் கறுப்பர்களாக வருகிறவர்கள் வெள்ளைக்காரர்கள். கரியைக் குழைத்துப் பூசி, வாயைச் சுற்றி வெள்ளை விட்டிருப்பார்கள். உண்மையான கறுப்புக் கலைஞனுக்கு மேடை கிடைத்தால், அவனும் தன் கறுத்த முகத்தின்மேல் அதே கரியைப் பூசிக்கொண்டு வரவேண்டும். அவனுடைய கறுப்பு அவர்களுக்குப் போதாது. இந்தக் கரியை ஒரு மனிதனின் கையில் கொடுத்துப் பூசு என்றவன் எவன் என்று சோபாவில் இருந்து தனியாகக் கத்தினேன்.

அப்புறம் வேலைக்காரிகள். நல்ல நல்ல நடிகைகள் எல்லாம் வெள்ளைக்காரியின் கோர்செட் கச்சையை இழுத்துக் கட்டிக்கொண்டும், சட்டியைக் கிளறிக்கொண்டும் ஆயுளைக் கழித்திருக்கிறார்கள். வேலைக்காரியாக நடித்து நாட்டின் ஆகப் பெரிய விருதை வாங்கிய ஒரு பெண்ணை, விருது வழங்கிய அதே இரவில், சக நடிகர்களின் மேசையில் இருத்தாமல் சுவரோரமாகத் தனி மேசையில் இருத்தினார்கள். விருதைக் கையில் கொடுப்பார்களாம், பக்கத்தில் இருத்தமாட்டார்களாம். இதைப் படித்த அன்றைக்கு நான் சமைக்கவில்லை.

இன்னொரு பெண், பாடகி, நடிகை, நிறம் கொஞ்சம் வெளுப்பு. திரையில் இவள் வெள்ளைக்காரியைப்போலத் தெரிகிறாள் என்று அவளைக் கறுப்பாகக் காட்டுவதற்கென்றே ஒரு புதுப் பூச்சைத் தயாரித்தார்கள். என் தொழில்காரன் ஒருவன் தயாரித்தான். பிறகு அதே பூச்சை வெள்ளைக்கார நடிகைகளுக்குப் பூசி, அவளுக்கு வந்திருக்க வேண்டிய வேடங்களை அவர்களுக்குக் கொடுத்தார்கள். அவள் பாடும் காட்சிகளைக் கதையோடு ஒட்டாமல் தனியாக எடுத்தார்கள். கறுப்பரைத் திரையில் பார்க்க விரும்பாத தெற்கு மாநிலத் தியேட்டர்களில் கத்தரித்து எறிய வசதியாக இருக்க வேண்டுமே.

அதே காலத்தில் கறுப்பினத்தவர் தாங்களே கடன்பட்டு, கமராவைத் தோளில் சுமந்து, தங்கள் சனம் போகும் தியேட்டர்களுக்கென்று படம் எடுத்தார்கள். அவற்றில் டாக்டர் உண்டு, வக்கீல் உண்டு, காதல் உண்டு. பாதுகாக்க ஆளில்லாமல் முக்கால்வாசி அழிந்துவிட்டன. மிஞ்சியதை நான் வணக்கத்தோடு பார்க்கத் தொடங்கினேன். அரைமணி நேரத்தில் என் முகம் சுருங்கிவிட்டது. கதாநாயகி வெளுப்பு. வில்லன் கறுப்பு. சிரிப்பு மூட்ட வருகிறவன் அவனைவிடக் கறுப்பு. எல்லாப் படமும் அப்படி இல்லை, ஆனால் பல படங்கள் அப்படித்தான். வெள்ளைக்காரன் அந்தத் தியேட்டருக்குள் இல்லவே இல்லை. அவனுடைய கண் மட்டும் உள்ளே இருந்தது. டிவியை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். என் கழுத்தில் கோடு தெரிந்தது.

பிறகு ஃபிலிமின் கதை. அந்தக் காலத்துக் கலர் ஃபிலிமைச் சரிபார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் போட்ட அட்டையை வைத்திருந்தார்கள். அவளுடைய தோல் நன்றாக விழுந்தால் ஃபிலிம் சரி. கறுத்த முகம் இருட்டுக்குள் போனால் அது அந்த முகத்தின் குற்றம். சாக்லேட்டும் மரத் தளபாடமும் விளம்பரத்தில் வடிவாக விழவில்லை என்று அந்தக் கம்பெனிகள் முறையிட்ட பிறகுதான் ஃபிலிமைத் திருத்தினார்கள் என்று எழுதியிருந்தது. மனிதர்கள் கேட்டுக் கிடைக்காதது அலுமாரிக்குக் கிடைத்தது. இதை நான் வாசித்துக் காட்டியபோதுதான் என் கணவர் முதன்முறையாகச் செய்தித்தாளைக் கீழே வைத்தார்.

அதற்குப் பிறகு எனக்குப் பழையவை எல்லாம் ஞாபகம் வரத் தொடங்கின. அவுஸ்பில்டுங் படித்த காலத்தில், ஊரே வேடம் போட்டுத் திரியும் கார்னிவல் வாரத்தில், வேடத்துணிக் கடை ஒன்றில் முகம் பூச நின்றிருக்கிறேன். ஆபிரிக்க ராஜாவாக்கு என்று கேட்டு வருவார்கள். கறுப்பைக் குழைத்துப் பூசிவிடுவேன். ஒருத்தன் கதிரையில் இருந்துகொண்டே என்னைப் பார்த்து, உனக்கு இந்தச் செலவு மிச்சம் என்று சிரித்தான். நானும் கூடச் சிரித்தேன். இன்றைக்கு அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என் பல்லை உடைக்க வேண்டும்போல இருக்கிறது.

இந்தச் சூட்டோடுதான் அக்காவின் மகளுடைய அரங்கேற்றம் வந்தது. ஏழு வருட உழைப்பு அவளுக்கு. ஒரு சனிக்கிழமை வகுப்பையும் விட்டதில்லை. மண்டபம் எடுத்து, பக்கவாத்தியக்காரர்களைச் சென்னையிலிருந்து வரவழைத்து, அக்காவும் அத்தானும் தங்கள் கலியாணத்துக்குக்கூடச் செய்யாத செலவைச் செய்தார்கள். முகம் நான்தான் என்பது அவள் பிறந்தபோதே முடிவான விசயம். பிள்ளையைப் பிள்ளையின் நிறத்திலேயே மேடையேற்றப் போகிறேன் என்று நான் அக்காவிடம் சொன்னேன். அக்கா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

“உன்ர படிப்பை உன்ர ஸ்டூடியோவில காட்டு. என்ர பிள்ளையின்ர முகத்தில காட்டாதை. நானூறு சனம் வருது. என்ன கதைக்குங்கள்?”

கதைக்கிறவர்களின் வாயை நான் மூடுகிறேன் என்றேன். அமெரிக்காவில் நடந்ததை எல்லாம் அவளுக்குச் சொன்னேன். கரி, தனி மேசை, அட்டைப் பெண், அலுமாரி, ஒன்றையும் விடவில்லை. உனக்கென்ன, அவர்களுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று அக்கா கேட்டாள். தொண்டை கட்டும்வரை கத்தினேன். கடைசியில் அவள் களைத்துப்போய், என்னவோ செய், பிழையாகப் போனால் என்னோடு கதைக்க வராதே என்றாள்.

அரங்கேற்றத்தன்று விடியவே மண்டபத்துக்குப் போனேன். லைட்டுக்குப் பொறுப்பாக இருந்த ஜேர்மன்காரர், இங்கே எல்லாருக்கும் இந்த லைட்தான், ஒருவரும் குறை சொன்னதில்லை என்றார். எல்லாரும் என்றால் யார் என்று கேட்டேன். என் கையை அவருடைய வெள்ளைக் கையின் பக்கத்தில் வைத்து, இப்போது சொல்லுங்கள், இரண்டுக்கும் ஒரே லைட்டா என்றேன். மனிதர் முணுமுணுத்துக்கொண்டுதான் ஏணியில் ஏறினார். முன்னால் இருந்து அடிக்கும் வெளிச்சத்தைக் குறைத்து, இரண்டு பக்கத்திலும் மஞ்சள் தாள் போட்ட விளக்கு வைக்கச் செய்தேன். கறுப்பின இயக்குநர்களும் ஒளிப்பதிவாளர்களும் எடுத்த புதிய படங்களில் அதைத்தான் பார்த்திருந்தேன். பக்கத்திலிருந்து வெளிச்சம், தோலில் கொஞ்சம் எண்ணெய்ப் பசை. கறுத்த கன்னத்தில் செம்பு நிறம் எழும்பும்.

பிள்ளை வந்து கதிரையில் இருந்தாள். தாடையில் கோடு இழுத்தேன். கோடு தோலோடு கலந்து மறைந்தது. அந்த நம்பரையே பூசினேன். கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெல்ல வாயைத் திறந்தாள்.

“சித்தி, லைட் நிறத்தைத் தின்னாதோ?”

“தின்னாது. லைட்டை நான் பாத்துக்கொள்ளுறன். நீ ஆடு” என்றேன்.

அவள் ஆடினாள். வர்ணம் ஆடியபோது ஏழு வருட வியர்வையும் தெரிந்தது. புருவத்தின் அசைவு கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது. நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று அழுதேன். இடைவேளையில் தேத்தண்ணி வரிசையில் நின்ற ஒரு பெண், இந்தமுறை மேக்கப் சரியில்லை, பிள்ளை நல்லாக் கறுத்துப்போனாள் என்று பக்கத்தில் நின்றவளுக்குச் சொன்னாள். நான் அவளுக்கு முன்னால் போய் நின்று, மேக்கப் நான்தான், பிள்ளை கறுக்கவில்லை, பிறந்ததிலிருந்து அந்த நிறம்தான் என்றேன். அவளுடைய வடை தட்டிலேயே நின்றுவிட்டது. அக்கா அன்று என்னோடு கதைக்கவில்லை. எனக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆறு வாரம் கழித்து அல்பம் வந்தது. பார்க்க வா என்று அத்தான் கூப்பிட்டார். தோல் அட்டை போட்ட கனமான அல்பம். முதல் பக்கத்தைத் திருப்பினேன். முழுப் பக்கத்துக்கு முகம். வெள்ளை முகம். அடுத்த பக்கமும் வெள்ளை. முத்திரை பிடித்த கைகள் வெள்ளை. பாதம் வெள்ளை. கடைசிப் பக்கத்துக் குடும்பப் படத்தில் அவள் மட்டும் யாரோ ஐரோப்பியப் பெண் வந்து இடையில் நின்றதுபோல நின்றாள். நான் அல்பத்தை மேசையில் அடித்து மூடினேன்.

அக்காவைப் பார்த்துக் கத்தினேன். என் முதுகுக்குப் பின்னால் போய்ச் செய்தாயா, உனக்கு உன் பிள்ளையின் முகம் அவ்வளவு வெட்கமா என்று கேட்டேன். தான் ஒன்றும் சொல்லவில்லை என்று அக்கா சத்தியம் பண்ணினாள். நான் நம்பவில்லை. படம் எடுத்த தம்பிக்கு அங்கேயே போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன். உன்னிடம் யார் கேட்டது, ஏன் இதைச் செய்தாய் என்று அவனைப் பிடித்து உலுப்பினேன்.

“அக்கா, கோவிக்காதைங்கோ” என்றான் அவன். “பிள்ளைதான் கேட்டவ. எல்லாப் படத்தையும் வெளுப்பாக்கித் தரச்சொல்லி அவதான் மெசேஜ் போட்டவ.”

திரும்பிப் பார்த்தேன். அவள் மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றாள். அக்கா போனை நிறுத்தினாள்.

“நீங்கள் என்னைக் கேக்கேல்லை, சித்தி” என்றாள் அவள். அழவில்லை. “லைட்டைப் பற்றிக் கதைச்சனீங்கள். அமெரிக்காவைப் பற்றி அம்மாவோட சண்டை பிடிச்சனீங்கள். எனக்கு எந்த முகம் வேணும் எண்டு கேக்கேல்லை. ஆறு வயசில இருந்து மேடைக்கு எனக்கு வேற முகம். அந்த முகத்தோடதான் ஆடிப் பழகினனான். அண்டைக்கு நானூறு பேருக்கு முன்னால உடுப்பில்லாமல் நிண்டமாதிரி இருந்தது.”

எனக்குக் கோபம் நெஞ்சு முட்ட இருந்தது. அதை யார்மேல் போடுவது என்று அந்த அறை முழுவதும் பார்த்தேன். அக்கா, அத்தான், மேசையில் கிடந்த போன். அந்தத் தகரப் பெட்டிக்கார நடிகையின் கதிரைக்குப் பின்னால் நின்று கேட்டது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. நானும் தூரிகையில் எதையோ தொட்டுக்கொண்டுதான் போயிருக்கிறேன். முதலில் வெள்ளையைத் தொட்டுக்கொண்டு போனேன். பிறகு என் ஆத்திரத்தைத் தொட்டுக்கொண்டு போனேன்.

கரியைக் கையில் கொடுத்தவன் எவன் என்று அன்றைக்கு டிவியைப் பார்த்துக் கத்தினேனே, அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

அந்த மயில் நடனத்து நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றைத்தான் ஒப்பனை அறையாக்கியிருந்தார்கள். அவளுடைய கால் கதிரையிலிருந்து நிலத்துக்கு எட்டவில்லை. பூசி முடித்துக் கண்ணாடியைப் பிடித்தேன். அவள் கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் கண்ணாடியைப் பார்த்தாள்.

“சித்தி, இது ஆர்?” என்று கேட்டாள்.

நான் அவளுடைய நெற்றியில் பொட்டை வைத்துவிட்டு, “இப்பதான் நீ வடிவு” என்றேன்.